59 நாள்கள் திறந்து கிடந்த கதவு

சித்தூர், திருப்பதி காவல் நிலையக் கணினிகள் முடங்கிய சம்பவமும், இன்னும் முழுமையாகக் கற்கப்படாத பாடமும்

புது தில்லி: கடந்த 2017-ஆம் ஆண்டு மே 13, சனிக்கிழமை. ஆந்திர மாநிலம், சித்தூர் மாவட்டத்தில் காவல்துறைக்குச் சொந்தமான கணினிகள் சிலவற்றின் திரையில் சிவப்பு நிற அறிவிப்பு ஒன்று தோன்றியது. கணினியில் உள்ள கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன. திறக்க வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் செலுத்த வேண்டும். மூன்று நாள்களுக்குள் செலுத்தாவிட்டால் தொகை இரட்டிப்பாகும். ஏழு நாள்கள் கடந்தால் கோப்புகள் என்றென்றைக்கும் கிடைக்காது என்று அந்த அறிவிப்பு எச்சரித்தது. 28 மொழிகளில் தயாரிக்கப்பட்டிருந்த அந்த மிரட்டல் கடிதத்தில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை.

திருடனைப் பிடிக்க வேண்டிய காவல் நிலையத்திலேயே திருடன் புகுந்த கதை இது. 'வான்னாகிரை' என்ற பெயரில் உலகையே உலுக்கிய அந்த நச்சு மென்பொருள், ஆந்திரத்தில் சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் ஆகிய மாவட்டங்களில் 18 காவல் பிரிவுகளின் கணினிகளைத் தாக்கியதாக அப்போது அறிவிக்கப்பட்டது. திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. (2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதிதான் அது தனி மாவட்டமானது.)

அடுத்த சில நாள்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான பக்தர்கள் நம்பியிருக்கும் தரிசன டிக்கெட் சேவை தப்பியது. அது தப்பியிராவிட்டால், தமிழகத்திலிருந்து பேருந்திலும் ரயிலிலும் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் பக்தர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இச் சம்பவத்தில் கவனிக்க வேண்டிய முக்கிய அம்சம் வேறொன்று உள்ளது. திருடன் நுழைந்த ஓட்டையை அடைப்பதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14-ஆம் தேதியே இலவசமாக வெளியிட்டுவிட்டது. தாக்குதல் தொடங்கியது மே 12-ஆம் தேதி. இடைப்பட்ட 59 நாள்கள், மருந்து இருந்தும் நோயாளிக்குக் கொடுக்கப்படாத நாள்களாகவே கழிந்தன.

கடவுச்சொல் கேட்கும் முன்பே...: பொதுவாக ஒரு கணினிக்குள் நுழைய வேண்டுமெனில் பயனாளர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள், பிறந்த தேதியை வைக்காதீர்கள் என்றெல்லாம் அறிவுறுத்தப்படுகிறது. ஆனால், வான்னாகிரை எந்தக் கடவுச்சொல்லையும் திருடவில்லை. அதற்கு அது தேவைப்படவும் இல்லை. ஒரே அலுவலகத்தில் உள்ள கணினிகள் தங்களுக்குள் கோப்புகளையும் அச்சு இயந்திரத்தையும் பகிர்ந்து கொள்வதற்காக விண்டோஸ் மென்பொருளில் வைக்கப்பட்டிருந்த பழைய வசதி ஒன்றில், வந்திருப்பவர் யார் என்று சோதிக்கப்படுவதற்கு முன்பே பயன்படுத்தக்கூடிய பிழை ஒன்று இருந்தது.

கணினித் துறையினர் இதனை நினைவகப் பாதுகாப்புக் குறைபாடு என்கின்றனர். திருமலைக்குச் சென்று வந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வைகுண்டம் காத்திருப்பு வளாகத்தில் பக்தர்கள் தனித்தனி அறைகளில் அமர்த்தப்படுகின்றனர். ஓர் அறையில் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. நுழைவுச் சீட்டில் 1100 என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் உண்மையில் தகுதியுள்ளவர்கள் 90 பேர் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். சீட்டைத் திருத்த வேண்டிய ஊழியர், முழு எண்ணையும் அடிக்காமல் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் மாற்றி 90 என்று எழுதினால், சீட்டில் 1190 என்று நிற்கும். அறையோ 90 பேருக்கு ஒதுக்கப்பட்டது. வாயிற்காவலர் சீட்டை நம்பி 1190 பேரை அனுப்பினால், தடுப்பு உடைந்து கூட்டம் அடுத்த அறைக்குள் பாயும்.

விண்டோஸில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுவே. வந்து சேரும் தகவலின் அளவைக் குறிக்கும் எண்ணைத் திருத்தும்போது, அந்த எண்ணின் பாதியை மட்டும் திருத்திவிட்டு மறுபாதியை அப்படியே விட்டுவிட்டது மென்பொருள். அதனால் ஒதுக்கப்பட்ட இடத்தைவிடப் பெரிய தகவல் நினைவகத்தில் கொட்டப்பட்டு, அடுத்த பகுதியை அழித்து எழுதியது. எதை அழித்து எதை எழுத வேண்டும் என்பதைத் தாக்குபவரே தீர்மானிக்க முடிந்தால், கணினி அவருடைய ஆணைகளை நிறைவேற்றத் தொடங்கிவிடும்.

அமெரிக்க உளவு அமைப்பின் ஆயுதம்: இந்த ஓட்டையை முதலில் அறிந்திருந்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை (என்.எஸ்.ஏ.) எனக் கருதப்படுகிறது. 'எடர்னல் புளூ' என்ற பெயரில் அதைப் பயன்படுத்தும் கருவி ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. அக் கருவியைக் கைப்பற்றிய 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற அடையாளம் தெரியாத குழு, 2017 ஏப்ரல் 14-ஆம் தேதி அதை இணையத்தில் பகிரங்கமாக வெளியிட்டது. அடுத்த நான்கு வாரங்களில் அக் கருவி, பணம் பறிக்கும் மென்பொருளுடன் இணைக்கப்பட்டு, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே பரவும் புழுவாக உருமாறியது.

விளைவு, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் ஏறத்தாழ 19 ஆயிரம் மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயின. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும் தப்பவில்லை. மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டன் இளைஞர், அந்த மென்பொருள் அடிக்கடி தொடர்பு கொள்ள முயன்ற இணைய முகவரி ஒன்று யார் பெயரிலும் பதிவாகாமல் இருப்பதைக் கண்டு, சுமார் 10 டாலர் செலவில் அதைத் தன் வசம் பதிவு செய்தார். அத்துடன் புழுவின் வேகம் அடங்கியது. இல்லையெனில் பாதிப்பு பன்மடங்காகியிருக்கும். இத் தாக்குதலின் பின்னணியில் வட கொரியா இருப்பதாக அமெரிக்கா 2017 டிசம்பரில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. மறு ஆண்டு வட கொரியர் ஒருவர் மீது வழக்கும் தொடுத்தது.

தில்லி சொன்ன பதில்: தாக்குதல் நடந்த இரண்டொரு நாள்களில் கருத்துத் தெரிவித்த அப்போதைய மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் ரவிசங்கர் பிரசாத், கேரளத்திலும் ஆந்திரத்திலும் நிகழ்ந்த ஒரு சில சம்பவங்களைத் தவிர இந்தியாவில் பெரிய பாதிப்பு இல்லை என்றார். மார்ச் மாதம் முதலே திருத்தங்களை நிறுவும் பணி தொடங்கிவிட்டதாகவும் அவர் குறிப்பிட்டார். ஆந்திர காவல்துறையின் அப்போதைய தலைமை இயக்குநர் என். சாம்பசிவ ராவ், பாதிக்கப்பட்டவை தனித்து இயங்கும் கணினிகளே என்று விளக்கம் அளித்தார். அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதிலில், வான்னாகிரை மற்றும் அதைத் தொடர்ந்து வந்த பெட்யா ஆகிய இரண்டும் சேர்த்து 34 சம்பவங்களே, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான 'செர்ட்-இன்'னுக்குத் தெரிவிக்கப்பட்டதாகக் கூறப்பட்டது.

இந்த இரு கூற்றுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஆந்திர காவல்துறையில் மட்டும் 18 பிரிவுகள் பாதிக்கப்பட்டன என்றால், நாடு முழுவதும் இரண்டு தாக்குதல்களுக்கும் சேர்த்து 34 சம்பவங்கள் என்ற கணக்கு, நிகழ்ந்தவற்றின் எண்ணிக்கை அல்ல. தெரிவிக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை மட்டுமே. தகவல் தெரிவிக்காத அலுவலகம் கணக்கில் வராது; கணக்கில் வராத நோய்க்கு மருந்தும் போய்ச் சேராது.

இதில் அரசமைப்புச் சட்டம் சார்ந்த சிக்கலும் உண்டு. காவல்துறையும் பொது ஒழுங்கும் ஏழாவது அட்டவணையின்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. இணையக் குற்றம் தொடர்பாக நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் உள்துறை அமைச்சகத்தின் பதில் இந்த வாக்கியத்துடன்தான் தொடங்குகிறது. செர்ட்-இன் அமைப்போ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-பி பிரிவின் கீழ் மத்திய அரசால் நியமிக்கப்பட்டது. எச்சரிக்கை தில்லியிலிருந்து புறப்படுகிறது. அதைப் படித்து, சித்தூரில் உள்ள ஒரு காவல் நிலையத்தின் மேஜை மீதிருக்கும் கணினியில் திருத்தத்தை நிறுவ வேண்டியவர் யார் என்பதில்தான் சங்கிலி அறுந்து போகிறது. வழக்குக் குறிப்பைத் தட்டச்சு செய்யும் தலைமைக் காவலருக்கு அது பணியாக ஒப்படைக்கப்படவில்லை. அவருக்கு அதற்கான பயிற்சியும் இல்லை.

மின்னஞ்சலிலும் அதே நோய்: கோப்புப் பகிர்வில் கண்ட இதே வகைப் பிழை, அரசு அலுவலகங்களும் வங்கிகளும் நாள்தோறும் நம்பியிருக்கும் மின்னஞ்சலையும் விட்டுவைக்கவில்லை. உலகின் மின்னஞ்சல் சர்வர்களில் பெரும் பங்கினை இயக்குவது 'எக்ஸிம்' என்ற இலவச மென்பொருள். பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1995-இல் உருவானது அது.

மின்னஞ்சல் அனுப்ப முற்படுபவர் தமது பெயரையும் கடவுச்சொல்லையும் சர்வரிடம் தெரிவிக்கும்போது, அவை நேரடியாகச் செல்வதில்லை; ஒருவகைக் குறியீட்டு எழுத்துகளாக மாற்றப்பட்டுச் செல்கின்றன. சர்வர் அவற்றை மீண்டும் பழைய வடிவுக்குக் கொண்டு வந்த பிறகே, கடவுச்சொல் சரியா, தவறா என்று பார்க்கும். அப்படி மீட்டெடுக்கும் பகுதியில்தான் பிழை இருந்தது. நான்கு நான்காகப் பிரிக்க முடியாதபடி வேண்டுமென்றே குறைபட்ட எழுத்து வரிசையை ஒருவர் அனுப்பினால், மீட்டெடுத்த தகவல் ஒதுக்கிய இடத்தைவிட ஒரே ஓர் எழுத்து நீண்டுவிடும். தைவானைச் சேர்ந்த டெவ்கோர் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் 2018 பிப்ரவரி 5-ஆம் தேதி இதைத் தெரிவித்தார். ஐந்தே நாள்களில் திருத்தம் வெளியானது. அந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டே, கடவுச்சொல் ஏதுமின்றி சர்வரைக் கைப்பற்ற முடியும் என்று அந்நிறுவனம் விளக்கியது. குறைந்தது 4 லட்சம் சர்வர்கள் ஆபத்தில் இருப்பதாகவும் மதிப்பிட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. 2023 செப்டம்பர் இறுதியில், அதே எக்ஸிம் மென்பொருளில் பயனாளரை அடையாளம் காணும் மற்றொரு முறையில், ஒதுக்கிய எல்லையைத் தாண்டி நினைவகத்தில் எழுதும் குறைபாடு அம்பலமானது. பத்துக்கு 9.8 என்ற அளவில் அதன் தீவிரம் மதிப்பிடப்பட்டது. இதில் வேதனைக்குரிய விஷயம், அக் குறைபாடு மென்பொருளை உருவாக்குவோருக்கு 2022 ஜூனிலேயே தெரிவிக்கப்பட்டது என்பதே. திருத்தம் வெளியானது 2023 அக்டோபர் 2-ஆம் தேதி. இரு தரப்பினருக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தில் ஓராண்டுக்கும் மேல் கழிந்தது. குறிப்பிட்ட அந்த முறையைப் பயன்படுத்தும் சர்வர்களுக்கு மட்டுமே ஆபத்து என்பது ஆறுதல்.

காவலாளியே கதவைத் திறந்துவிடும் நிலை என்று இதைச் சொல்லலாம். வருபவரைச் சோதிப்பதற்காக அமைத்த பகுதியிலேயே ஓட்டை இருந்தால், எத்தனை நீளமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் பயனில்லை.

ஏன் மீண்டும் மீண்டும்?: இவ்வகைப் பிழைக்கு வயது குறைவல்ல. 1988 நவம்பரில் அமெரிக்காவில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் வெளியிட்ட புழு, சுமார் 6 ஆயிரம் கணினிகளை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அது பரவிய வழிகளுள் ஒன்று நினைவக எல்லை மீறல். மற்றொன்று மின்னஞ்சல் மென்பொருளில் இருந்த வேறொரு ஓட்டை. அதிலிருந்து வான்னாகிரை வரை 29 ஆண்டுகள் கடந்தும் அடிப்படைக் காரணம் மாறவில்லை.

'சி', 'சி பிளஸ் பிளஸ்' ஆகிய கணினி மொழிகளில் எழுதப்படும் மென்பொருள்களில், ஒதுக்கிய இடத்துக்குள்தான் எழுதுகிறோமா என்று சரிபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் எழுதுபவரையே சாரும். லட்சக்கணக்கான வரிகளில் ஓரிடத்தில் கவனம் பிசகினால் போதும். மைக்ரோசாஃப்ட் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைபாடுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் இவ்வகையைச் சேர்ந்தவை என்று 2019-இல் அந்நிறுவனமே தெரிவித்தது. எல்லை மீறலைத் தானே தடுக்கும் 'ரஸ்ட்' போன்ற மொழிகளுக்கு மாறுமாறு அமெரிக்க அதிபர் மாளிகையின் இணையப் பாதுகாப்பு அலுவலகம் 2024 பிப்ரவரியில் மென்பொருள் நிறுவனங்களைக் கேட்டுக் கொண்டது. இதற்குப் பலன் உண்டு என்பதற்கு கூகுளின் ஆண்ட்ராய்டு சான்று. அதில் காணப்படும் குறைபாடுகளில் இவ்வகையின் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்து, 2024-இல் 24 சதவீதமாகக் குறைந்தது.

ஆனால், ஏற்கெனவே எழுதப்பட்ட மென்பொருள்கள் அனைத்தையும் மாற்றி எழுதப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வெளியாகும் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுவது ஒன்றே வழி.

மீண்டும் திருப்பதி: இரண்டாண்டுகளில் திருப்பதி மீண்டும் செய்தியில் அடிபட்டது. 2019 ஏப்ரல் இறுதியில், ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களின் மின் விநியோக நிறுவனங்களது கணினிகளைப் பணம் பறிக்கும் மென்பொருள் தாக்கியது. பாதிக்கப்பட்டவற்றுள், திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின் விநியோக நிறுவனமும் ஒன்று. இணையதளங்கள் முடங்கின. எனினும், தகவல்களின் நகல் தனியே பாதுகாக்கப்பட்டிருந்ததால் பெரும் இழப்பு தவிர்க்கப்பட்டது. 2021 செப்டம்பரில் சென்னை தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கணினிகளும், 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களும் இதே வகைத் தாக்குதலுக்கு உள்ளாயின. எய்ம்ஸில் ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. பல நாள்கள் நோயாளிகளுக்குக் கையால் எழுதப்பட்ட சீட்டுகளே வழங்கப்பட்டன.

இச் சம்பவங்களுக்குப் பிறகு விதிகள் கடுமையாக்கப்படாமல் இல்லை. இணையத் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி செர்ட்-இன் உத்தரவிட்டது. தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கத் தவறினால் ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. செர்ட்-இன் பதிவு செய்த சம்பவங்கள் 2017-இல் 53,117 ஆக இருந்தது, 2023-இல் 15,92,917 ஆனது. தாக்குதல் பெருகியதும், தெரிவிக்கும் வழக்கம் பெருகியதும் இரண்டுமே இந்த உயர்வுக்குக் காரணங்கள்.

ஆனால், அபராதமும் ஆறு மணி நேரக் கெடுவும் தாக்குதலுக்குப் பின் வருபவை. அதற்கு முந்தைய 59 நாள்களைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. ஏடிஎம் இயந்திரங்கள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி வேறு வழியைக் கையாண்டது. காலாவதியான விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இயந்திரங்களை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்ற வேண்டும் என்று 2018 ஜூனில் வங்கிகளுக்குத் தேதியிட்டு உத்தரவிட்டது. தேதியும், பொறுப்பாளரும் இருந்ததால் கண்காணிக்க முடிந்தது. மாவட்ட அளவிலான அரசு அலுவலகங்களுக்கும், காவல் நிலையங்களுக்கும் இதே முறையைப் பின்பற்றுவதில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. மாநில அரசுகள் நினைத்தால் போதும்.

அதற்கான அவசியம் இப்போது கூடியிருக்கிறது. விண்டோஸ் 7 மென்பொருளுக்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிவுற்றது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்தது. நீட்டிக்கப்பட்ட ஆதரவுக்குப் பதிவு செய்யாத கணினிகளுக்கு இனி இலவசத் திருத்தம் வராது. அதாவது, 2017-இல் மருந்து இருந்தும் கொடுக்கப்படவில்லை; இனி அடுத்த ஓட்டை தெரியவரும்போது, அத்தகைய கணினிகளுக்குக் கொடுக்க மருந்தே இருக்காது.

காவல் நிலையக் கணினியில் இருப்பது வெறும் கோப்பு அல்ல. காணாமல்போன மகளைத் தேடித் தரக் கோரும் தந்தையின் புகார் அதில் இருக்கலாம். நிலத் தகராறில் தாக்கப்பட்ட விவசாயியின் வாக்குமூலம் இருக்கலாம். 300 டாலர் கேட்டு மிரட்டியவர்களுக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது, அந்தக் கணினியை அவர்கள் பெயரால் வைத்திருக்கும் அரசுக்குத்தான்.